இரண்டு ஏக்கர் காப்பிக்கு ஒரு கைப் பல்பர்: கீழ்ப்பழனி மலைக்காரர்களுக்கான மதிப்பீடு

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, மங்களம்கொம்பு, பெரும்பாறை, ஆடலூர் என்று கீழ்ப்பழனி மலையில் இரண்டு மூன்று ஏக்கர் அராபிகா வைத்திருப்பவர்களுக்கு மூன்று வழிதான் உண்டு. பறித்த அன்றே பழத்தை வியாபாரியின் தராசில் கொட்டலாம். முழுப் பழமாகக் களத்தில் காயப்போட்டு செர்ரியாக விற்கலாம். இல்லையென்றால் தோலுரித்து, புளிக்கவைத்து, கழுவி, காயவைத்து, உள் ஓடு நீங்காத கொட்டையாக, அதாவது பார்ச்மெண்டாக விற்கலாம். மூன்றாவது வழிக்குப் போகிறவர் முதலில் விசாரிப்பது பழத்தோலை உரிக்கும் பல்பரைத்தான். இங்கே பார்க்கப்போவது சிறு பட்டறைகளில் செய்து வரும், ஒருவர் கையால் சுற்றும் டிரம் பல்பர். எந்தப் பட்டறையின் பெயரும் இதில் வராது. அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தகட்டிலும் பேரிங்கிலும் இருக்கிறது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வாங்கத் தகுந்த இயந்திரம், ஆனால் தனி ஆளாக வாங்கத் தகுந்தது அல்ல. தண்ணீரும் மழைக்கு ஒதுங்கக் கூரையும் இல்லாதவர் வாங்கவே கூடாது.

உறுப்புகள் அதிகம் கிடையாது. மேலே பழம் கொட்டும் ஹாப்பர். அதன் கீழே, மொக்கு மொக்காகப் புடைக்க அடித்த செம்புத் தகடு போர்த்திய டிரம். டிரம்முக்கு எதிரே பிரெஸ்ட் பிளேட் என்னும் அசையாத தகடு. பக்கவாட்டில் கைப்பிடியோடு ஒரு கனமான சக்கரம். டிரம் சுற்றும்போது மொக்குகள் பழத்தை இழுத்து பிளேட்டோடு நசுக்கும். கொட்டை பிதுங்கி முன்பக்கச் சரிவில் விழும், தோல் டிரம்மோடு போய்ப் பின்னால் விழும். ஒருவர் சுற்ற, ஒருவர் பழம் தள்ள, மணிக்கு 100 முதல் 150 கிலோ வரை ஓடும். விற்பவர் 250 கிலோ என்பார். புதுத் தகடு, ஒரே சீராகப் பழுத்த பழம், சளைக்காத இளவட்டம் மூன்றும் சேர்ந்தால் அரை மணி நேரத்துக்கு அந்த வேகம் வரலாம். நாள் முழுக்க வராது.

கடையில் பார்க்கும்போது முதலில் தகட்டைத் தடவிப் பாருங்கள். மொக்குகள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், முனை கூர்மையாகக் கிழிக்கக் கூடாது. கிழிக்கும் மொக்கு பார்ச்மெண்டையும் கிழிக்கும். டிரம்மை வெறுமனே சுற்றிவிட்டுக் காது கொடுங்கள். ஒரு சுற்றில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் உரசினால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. அதை எந்த போல்ட்டாலும் சரிசெய்ய முடியாது, எடுக்காதீர்கள். ஹாப்பர் வெறும் இரும்புத் தகடாக இருந்தால் இரண்டு சீசனில் துருப்பிடிக்கும். காப்பிப் பழத்தின் சாறு புளிப்பு, பெயிண்ட்டைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகு ஹாப்பருக்குக் கூடுதல் பணம் கேட்டால் கொடுக்கலாம். சக்கரத்துக்கு மேல் போடும் சில்வர் பெயிண்டுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

பெரும்பாலான கைப் பல்பர்களில் சல்லடை வராது. கொட்டையோடு கலந்து வரும் தோலையும், உரியாமல் தப்பிய பழத்தையும் கையால்தான் பொறுக்க வேண்டும். 100 கிலோ பழத்துக்கு அந்த வேலை மட்டும் ஓர் ஆளுக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். கொட்டை மட்டும் விழும் கண்ணளவில் ஒரு கம்பிச் சல்லடையை மரச்சட்டத்தில் அடித்துச் சரிவாக வைத்தால் பாதி வேலை குறைகிறது. இயந்திரத்தோடு சேர்ந்தே வந்திருக்க வேண்டிய பொருள் இது. கொடுக்காமல் விடுவது பட்டறைக்காரர்களின் கஞ்சத்தனம்.

இனி இடைவெளி. பல்பர் சரியில்லை என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் இங்கேதான் போய் முடியும். பிளேட்டுக்கும் டிரம்முக்கும் இடையே தோல் நுழைய வேண்டும், கொட்டை நுழையக் கூடாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு அட்ஜஸ்டிங் போல்ட் இருக்கும். டிரம்மை மெல்லச் சுற்றிக்கொண்டே, இலேசாக உரசும் சத்தம் வரும்வரை இரண்டையும் சமமாக முடுக்குங்கள். பிறகு இரண்டையும் கால் திருகு தளர்த்துங்கள். இரண்டு கை பழத்தைப் போட்டு ஓட்டி, விழுந்த கொட்டையில் 100 எண்ணிப் பிரித்துப் பாருங்கள். வெட்டுப்பட்டதோ நசுங்கியதோ மூன்றுக்கு மேல் இருந்தால் இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். முழுப் பழமாகவே நிறைய வெளியே வந்தால் முடுக்க வேண்டும். ஒரு பக்கத்துச் சரிவில் மட்டும் வெட்டுக்கொட்டை வந்தால் அந்தப் பக்கத்து போல்ட்டை மட்டும் தொடுங்கள்.

வெட்டுப்பட்ட கொட்டையை இவ்வளவு பெரிதுபடுத்துவது ஏனென்றால், வெட்டு வழியாகப் புளித்த தண்ணீர் உள்ளே இறங்கும். அந்தக் கொட்டை கறுத்து, வறுக்கும்போது நாறும். நல்ல மூட்டைக்குள் இப்படி ஒரு பிடி இருந்தாலே கப்பில் தெரிந்துவிடும், தரம் பார்ப்பவர் விலையைக் குறைப்பார். தப்பிய பழத்தை இரண்டாம் முறை ஓட்டிக்கொள்ளலாம். வெட்டிய கொட்டையை ஒட்டவைக்க முடியாது. அதனால் சந்தேகம் வந்தால் தளர்வாகவே விடுங்கள்.

ஒருமுறை வைத்த இடைவெளியை சீசன் முழுக்க அப்படியே விடுவது இன்னொரு தவறு. பறிப்பின் முதல் சுற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பழுத்த பழம் ஓர் அளவு. நடுச் சுற்றில் பருமன் கூடும். கடைசியில் மரத்தை உருவும்போது வருவது சின்னதும் சுருங்கியதுமாக இருக்கும். எஸ் 795, காவேரி, 2007-இல் வெளியான சந்திரகிரி ஆகிய அராபிகா ரகங்கள் ஒரே தோட்டத்தில் கலந்து நின்றால் கொட்டைப் பருமன் இன்னும் மாறும். ரகம் ரகமாகப் பிரித்துப் பறிக்க ஆள் இல்லையென்றால் சுற்றுக்குச் சுற்றாவது போல்ட்டைத் தொட வேண்டும். இன்னொரு காப்பி இனமான ரொபஸ்டாவை அராபிகா அளவில் ஓட்டவே கூடாது.

பழம் ஹாப்பருக்குப் போகும் முன் தண்ணீரில் போட வேண்டும். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று போதும். மிதப்பதை வழித்தெடுங்கள், அது காய்த் துளைப்பான் பூச்சி ஓட்டை போட்டதும் மரத்திலேயே காய்ந்ததும். அதைத் தனியாகச் செர்ரியாகக் காயப்போடலாம், பல்பருக்குள் விடக் கூடாது. தண்ணீரில் போடுவதால் அடியில் கல் தங்கிவிடும் என்பது கூடுதல் லாபம். ஒரு சின்னக் கல் உள்ளே போனாலும் செம்புத் தகடு கிழியும். பச்சைக்காயும் ஆகாது: அதில் கொட்டையைச் சுற்றி வழுவழுப்பு இல்லாததால் கொட்டை பிதுங்காது, நசுங்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துப் பறிக்கவிட்டால் பச்சையும் சிவப்பும் சேர்ந்தே கூடைக்கு வரும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். பழுத்ததை மட்டும் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று முதல் நாளே பேசிவிடுவது, பல்பரில் எந்த உறுப்பை மாற்றுவதைவிடவும் பலன் தரும்.

பறித்த அன்று மாலையே உரித்துவிட வேண்டும். இரவு முழுக்கச் சாக்கில் கட்டிவைத்த பழம் கைவைத்தால் சுடும். தோலுக்குள்ளேயே புளிப்பு ஏறியிருக்கும்.

மோட்டார் மாட்டிய மாதிரி ஒன்றும் கிடைக்கிறது, அரை ஹெச்பி சிங்கிள் பேஸ். சுற்றும் கைக்கு ஓய்வு, அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்கு எல்லா வீட்டு லைட்டும் எரியும் நேரத்தில்தான் பல்பரும் ஓடும். வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் முனகும், சூடாகும். புல்லி அளவைத் தப்பாகப் போட்டு டிரம்மை வேகமாக ஓட்டினால் வெட்டுக்கொட்டை கூடும். மோட்டார் வைத்ததை வாங்கினால் கைப்பிடியும் மாட்டக்கூடிய மாதிரியாகக் கேட்டு வாங்குங்கள். பெல்ட்டுக்கு மூடி இல்லாத இயந்திரத்தைத் தொடவே வேண்டாம். பழம் தள்ளுவது பெரும்பாலும் பெண்கள். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் பெல்ட்டுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும். ஹாப்பருக்குள் பழம் அடைத்தால் குச்சியால் தள்ள வேண்டும், விரலால் அல்ல. குச்சியும் மரக்குச்சியாக இருக்கட்டும், கம்பி வேண்டாம்.

உரித்து முடிந்ததும் இயந்திரத்தின் வேலை முடிந்தது. காசு தேறுவதும் கெடுவதும் இதற்குப் பிறகுதான்.

வழுவழுப்போடு இருக்கும் கொட்டையைத் தொட்டியில் குவித்து மூடிவையுங்கள். மலையின் குளிரில் அராபிகாவுக்கு 24 முதல் 36 மணி நேரம் ஆகும். பனி இறங்கும் தை மாத இரவுகளில் இன்னும் கொஞ்சம் கூடும். கடிகாரத்தை நம்ப வேண்டாம். ஒரு கைப்பிடி எடுத்துக் கழுவி உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். வழுக்காமல் பொடிக்கல்லைப் போல நறநறத்தால் ஆயிற்று. குவியலுக்குள் ஒரு குச்சியைச் செருகி எடுத்தால் குழி மூடாமல் நிற்கும். அது பழைய ஆட்களின் சோதனை, இன்றும் தப்பாது. அதற்கு மேல் ஒரு ராத்திரி கிடந்தால் வினிகர் வாடை ஏறும், அந்த வாடை காய்ந்தாலும் போகாது. நேற்றுப் போட்டதன் மேலேயே இன்று உரித்ததைக் கொட்டுவது பலர் செய்வது. கீழே இருப்பது அதிகம் புளித்திருக்கும், மேலே இருப்பது புளித்திருக்காது. இரண்டு தொட்டி வேண்டும். சிமெண்ட் தொட்டி கட்ட வசதி இல்லையென்றால், அடியில் ஓட்டை போட்ட இரண்டு பிளாஸ்டிக் டிரம் போதும்.

பிறகு மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவல். மிதக்கும் கொட்டையை இங்கேயும் பிரித்துவிடலாம். எவ்வளவு சிக்கனமாகச் செய்தாலும் 100 கிலோ பழத்துக்கு, மிதக்கவிடுவது முதல் கடைசிக் கழுவல் வரை 300 லிட்டர் தண்ணீர் போய்விடும். தினம் 200 கிலோ பழம் வரும் வீட்டில் அறுவடைக் காலம் முழுக்க நாளுக்கு 600 லிட்டர். ஊருணியிலிருந்து குடத்தில் சுமக்கிற வீடு இதைச் செய்ய முடியாது. ஓடையிலிருந்து ஹோஸ் இழுத்திருப்பவருக்குத்தான் இந்த இயந்திரம்.

கழுவிய தண்ணீர் திரும்பி அதே ஓடைக்குப் போகக் கூடாது. புளித்த தண்ணீர் அமிலம். ஓடைத் தண்ணீரில் இருக்கும் உயிர்க்காற்றை உறிஞ்சி மீனைச் சாகடிக்கும், கீழே இருக்கும் ஊரின் குடிநீரை நாறடிக்கும். தோட்டத்துக்குள்ளேயே, ஓடைக்குத் தள்ளி, ஒரு குழி வெட்டி அதில் விட்டு, வாரம் ஒருமுறை சுண்ணாம்பு போடுங்கள். தோல் பழத்தின் எடையில் ஏறக்குறைய 40 சதவீதம். சாணத்தோடு அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்தால் அடுத்த மழைக்குச் செடி மூட்டில் போடலாம். மக்காத தோலை அப்படியே மூட்டில் கொட்டினால் சூடேறி வேர் வாடும், ஈ மொய்க்கும்.

அடுத்தது காயவைத்தல். நம் மலையின் பெரிய தலைவலி இதுதான். குடகில் பறிக்கிற மாதங்களில் பெரும்பாலும் வானம் வெறிச்சென்று இருக்கும். கீழ்ப்பழனியில் அறுவடை தொடங்குவதே வடகிழக்குப் பருவமழைக்குள். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் வெயில் சேர்ந்தாற்போல் கிடைப்பதே அபூர்வம். முழுப் பழமாகக் காயப்போட்டால் நல்ல வெயிலிலேயே இரண்டு மூன்று வாரம், மழையில் அதற்கும் மேல். நடுவில் பூசணம் பிடிக்கும். பார்ச்மெண்ட் நல்ல வெயிலில் 7 முதல் 10 நாளில் காயும், இடமும் குறைவாகக் கேட்கும். மழை மாதத்தில் பல்பருக்கு ஆதரவாகச் சொல்ல இதைவிட வலுவான காரணம் கிடையாது. விலை வித்தியாசம்கூட இதற்கு அடுத்ததுதான்.

ஆனால் அதற்கு ஏற்பாடு வேண்டும். 100 கிலோ பழம் கழுவி முடித்த ஈரக் கொட்டையாக 45 கிலோ அளவுக்கு நிற்கும். முதல் இரண்டு நாள் மெல்லிசாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்ப வேண்டும். அதற்கு 30 முதல் 35 சதுர அடி ஆகும். தினம் 200 கிலோ பழம் வந்தால், எட்டு நாள் சரக்கு ஒரே சமயத்தில் காய்ந்துகொண்டிருக்கும். ஆக 500 சதுர அடி. மண் தரையில் தார்பாய் விரிப்பதைவிட, இடுப்பளவு உயரத்தில் மூங்கில் சட்டம் கட்டி நைலான் வலை இழுத்த தட்டு நல்லது. கீழிருந்தும் காற்று போகும், கோழி ஏறாது, மழை வந்தால் மேலே பாலித்தீன் இழுத்துவிடலாம். பக்கங்களைத் திறந்து வைக்கக்கூடிய பாலித்தீன் குடில் இன்னும் நல்லது. பக்கத்தை மூடி வைத்தால் உள்ளே வேர்த்து, காய்வதற்குப் பதில் வேகும்.

மணிக்கொருமுறை கிளற வேண்டும். மாலை நான்கு மணிக்குக் குவித்து மூட வேண்டும், பனி படக் கூடாது. உச்சி வெயிலில் மெல்லிசாகக் காய்ந்தால் பார்ச்மெண்ட் ஓடு வெடிக்கும். அந்த நேரம் கொஞ்சம் கனமாக ஒதுக்குங்கள். விடாமல் மழை பிடித்துக்கொண்டால் கழுவிய கொட்டையைச் சுத்தமான தண்ணீருக்குள்ளேயே ஒன்றிரண்டு நாள் வைத்திருக்கலாம், தண்ணீரைத் தினம் மாற்ற வேண்டும். பாதி காய்ந்ததை மறுபடி நனையவிடுவதுதான் மீளாத சேதம்.

ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு வர வேண்டும். ஈரப்பத மீட்டர் இல்லாதவர்கள் பார்ச்மெண்ட் ஓட்டைப் பிரித்துக் கொட்டையைக் கடித்துப் பார்ப்பார்கள்: பல் பதிந்தால் ஈரம், பதியாமல் தெறித்தால் சரி. இது ஒன்றிரண்டு சதவீதம் முன்னே பின்னே போகும். அந்த இரண்டு சதவீதத்துக்குத்தான் வியாபாரி எடை கழிக்கிறார். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மீட்டர் வாங்கினால் தராசுக்கு முன்னால் நிற்கும்போது வாய் திறந்து பேசலாம். காய்ந்ததைப் புதுச் சணல் சாக்கில் கட்டி, மரக்கட்டை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். நம் பக்கத்து வீடுகளில் மிளகும் யூரியாவும் காப்பியும் ஒரே அறையில்தான் கிடக்கும். காப்பி எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும்.

இப்போது கணக்கு. 100 கிலோ அராபிகாப் பழம் ஏறக்குறைய 20 கிலோ காய்ந்த பார்ச்மெண்ட் தரும். ஆகவே இன்றைய பழ விலையை 5-ஆல் பெருக்கி, பார்ச்மெண்ட் விலையோடு ஒப்பிடுங்கள். மிச்சம்தான் உங்கள் உழைப்பு, தண்ணீர், இயந்திரம் எல்லாவற்றுக்குமான கூலி. புரிவதற்காக ஒரு பேச்சுக்கு: பழம் கிலோ 80 ரூபாய், பார்ச்மெண்ட் 480 ரூபாய் என்றால், 400-க்கும் 480-க்கும் இடையே 80 ரூபாய். 100 கிலோ பழத்துக்கு 1,600 ரூபாய். இதில் உரிக்க, கழுவ, பத்து நாள் கிளற ஆள் கூலி போக வேண்டும். வீட்டு ஆட்களே செய்தால் நிற்கும். எல்லாவற்றுக்கும் கூலி ஆள் என்றால் பெரும்பாலும் வரவும் செலவும் சரியாகிவிடும். வித்தியாசம் 50 ரூபாய்க்குக் கீழே போகும் வாரத்தில் பழமாகவே தள்ளிவிடுங்கள், பல்பர் கோபித்துக்கொள்ளாது.

தராசுக்கு வெளியேயும் ஒரு லாபம் உண்டு. ஜீப் போகாத தோட்டங்களிலிருந்து சரக்கு குதிரையில்தான் ரோட்டுக்கு வருகிறது, நடைக்கு இவ்வளவு என்று கூலி. பழத்தைத் தோட்டத்திலேயே உரித்துக் கழுவினால் சுமை பாதிக்கும் கீழே, அங்கேயே காயவைத்தால் ஐந்தில் ஒன்று. தண்ணீர் தோட்டத்தில் இருந்தால் இயந்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கழற்றி இரண்டு சுமையாக ஒருமுறை மேலே ஏற்றிவிடுங்கள்.

காத்திருக்க முடிவது அடுத்தது. பழத்துக்கு ஆயுள் ஒரு நாள். அன்றைய விலைதான் விலை. மத்திய அரசின் காப்பி வாரியம் எல்லாருடைய சரக்கையும் ஒன்றாகத் திரட்டி விற்ற முறை 1996-இல் முடிந்த பிறகு, விலை ஏற்ற இறக்கம் நேராக விவசாயியின் வாசலுக்கு வந்துவிட்டது. பிரேசிலில் வறட்சி வந்து 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு 4 டாலரைத் தாண்டியபோது, மூட்டை வைத்திருந்தவர்களுக்குத்தான் அது செய்தி. பழமாக விற்று முடித்தவர்களுக்கு வேடிக்கை. விலை இறங்கவும் செய்யும் என்பதால், சரக்கில் பாதியை வட்டிக்கடனுக்கும் பள்ளிக்கட்டணத்துக்கும் உடனே விற்றுவிட்டு மீதியை நிறுத்துவது புத்தி. வருஷத்துக்கு ஒருமுறை வரும் காப்பிப் பணத்தை நம்பி மலையில் எந்தக் குடும்பமும் ஓடுவதில்லை. மாதச் செலவை மலைவாழையும் மிளகும் பட்டர் ஃப்ரூட்டும் சௌசௌவும் தாங்குவதால்தான் மூட்டை வீட்டில் தங்குகிறது. வாழை சாய்ந்த வருஷம் மூட்டையும் சீக்கிரம் இறங்கிவிடும்.

இந்த இயந்திரம் தீர்க்காத ஒன்று ஆள் பஞ்சம். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட வீடுகளில் பறிக்கவே ஆள் இல்லை. உரித்தால் வேலை கூடுமே தவிரக் குறையாது. அறுபது தாண்டிய இருவர் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பல்பரைப் பரிந்துரைக்க முடியாது.

தனியாக வாங்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதோ. நன்றாகப் பராமரித்த தோட்டத்தில் ஏக்கருக்கு 1,500 முதல் 2,000 கிலோ பழம் என்று வையுங்கள். இரண்டு ஏக்கருக்கு 3,500 கிலோ. மணிக்கு 150 கிலோ என்றால் வருஷத்துக்கு 24 மணி நேரம்கூட ஓடாது. மீதி நாளெல்லாம் கோழி அடையும். ஐந்து வீடு சேர்ந்தால்கூட 120 மணி நேரத்துக்குள் முடியும். சிக்கல் எல்லாருக்கும் ஒரே மாலையில் வேண்டும் என்பதில்தான்: எந்த வீட்டுக்கு எந்த நாள் பறிப்பு என்று முன்கூட்டியே முறை வைத்துக்கொள்ளாத கூட்டு ஒரு சீசன்கூடத் தாங்காது. இடைவெளி வைக்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஐந்து பேர் ஸ்பேனர் எடுத்தால் பிளேட் கோணும்.

வாங்கும் முன் தாண்டிக்குடியில் இருக்கும் காப்பி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் விசாரியுங்கள். மானியத் திட்டங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். இயந்திரத்தை இறக்கிய பிறகு போய்க் கேட்பதில் பயன் குறைவு. ஜிஎஸ்டி பில் இல்லாமல் எடுக்காதீர்கள். கடைக்காரரிடம் மூன்று கேள்வி: செம்புத் தகடு தனியாகக் கிடைக்குமா, அதை டிரம்மில் போர்த்தித் தருவது யார், பேரிங் எண் என்ன. பேரிங் வத்தலக்குண்டிலேயே கிடைக்கும் சாதாரண எண்ணாக இருந்தால் நிம்மதி. தகடு மட்டும் பட்டறையிலிருந்துதான் வர வேண்டும் என்றால், முதல் நாளே ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள். மார்கழி நடுவில் தகடு கிழிந்து, அது வரும் வரை பத்து நாள் காத்திருந்தால் அந்தச் சுற்றுப் பழம் முழுக்க வியாபாரிக்குத்தான் போகும்.

ஒவ்வொரு நாளும் ஓட்டி முடித்ததும், வழுவழுப்பு காயும் முன், தண்ணீர் அடித்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். காய்ந்துவிட்டால் கம்பி பிரஷ் இல்லாமல் வராது, அது மொக்கைத் தேய்த்துவிடும். சீசன் முடிந்ததும் பிளேட்டை முழுக்கத் தளர்த்தி, டிரம்மையும் சக்கரத்தையும் துடைத்துக் காயவைத்து, இரும்புப் பகுதிக்கெல்லாம் எண்ணெய் பூசி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து, சாக்கால் மூடித் தரையில் படாமல் வையுங்கள். அடுத்த ஐப்பசியில் முதல் பழம் போடும் முன் அந்த எண்ணெயைச் சோப்புத் தண்ணீரால் கழுவி எடுக்க மறந்தால், முதல் தொட்டிக் காப்பி முழுக்க எண்ணெய் வாடை அடிக்கும்.